மன்னாரிலிருந்து வெளிநாட்டுப் பட்டப்பின்படிப்பு: காணியை அடகு வைக்கும் முன் அறிய வேண்டியவை

1914ஆம் ஆண்டு முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடியது. கொழும்பிலிருந்து புகையிரதத்தில் வந்து, தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலேறி, அக்கரையில் மீண்டும் புகையிரதம் பிடித்துச் சென்னைக்குப் போகலாம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கும் முன்னரும் பின்னரும், இந்தியாவில் பட்டம் படிக்கச் சென்ற மாணவர்கள் பலர் இந்த வழியால் போனவர்கள். 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் போரோடு நின்றுபோனது. அதே கடலை மன்னார் மக்கள் பிறகு அகதிகளாகப் படகுகளில் கடந்தார்கள். தலைமன்னாருக்குப் புகையிரதம் திரும்பி வந்தது 2015 மார்ச்சில்தான்.

இன்று மன்னார்த் தீவிலோ, முசலியிலோ, மாந்தையிலோ ஒரு பட்டதாரி வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போக விரும்பினால், வீட்டில் முதலில் எழும் பேச்சு முகவரைப் பற்றியது. அடுத்தது அடகு வைக்கக்கூடிய காணியைப் பற்றியது. போரில் எல்லாம் இழந்து, மீள்குடியேறி, கடைசியாக மிஞ்சியது அந்தக் காணி மட்டுமே என்ற குடும்பங்களிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. ஆனால் தகுதியுள்ள மாணவர் பெரும் பணமின்றிப் படிக்கக்கூடிய வழிகள் பல உண்டு. அவை கேட்பது பணத்தைவிட அதிகமாகக் காலத்தை. கற்கை தொடங்குவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே ஆயத்தமாகத் தொடங்குபவருக்கு இந்த வழிகள் திறந்திருக்கும். மூன்று மாதத்தில் போய்விட வேண்டும் என்பவருக்குக் கடன் மட்டுமே மிஞ்சும்.

போர் நடந்த மண்ணிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு வேறு சில சிக்கல்களும் உண்டு: அழிந்துபோன ஆவணங்கள், படிப்பில் விழுந்த இடைவெளி, காணாமல் ஆக்கப்பட்ட தந்தை, வீசாப் படிவத்தில் வரும் சில கேள்விகள். பொதுவான வழிகாட்டிகளில் இவற்றுக்குப் பதில் கிடைக்காது. இக்கட்டுரை அவற்றையும் சேர்த்தே பேசுகிறது. கட்டணங்களும் முடிவுத் திகதிகளும் ஆண்டுக்காண்டு மாறுபவை. விண்ணப்பிக்க முன் உரிய உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் அவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எதைப் படிக்கப் போகிறீர்கள்?

தெரிவுக் குழுக்கள் முதலில் பார்ப்பது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான். "வெளிநாட்டில் படிக்க வேண்டும்" என்பது பதிலாகாது. மன்னாரில் வாழ்ந்தவருக்கு இதில் ஒரு பலம் இருக்கிறது. உலகப் பல்கலைக்கழகங்கள் தேடும் பல ஆய்வுக் கேள்விகள் இந்தக் கரையிலேயே கிடக்கின்றன.

மன்னார் வளைகுடாவின் கடற்புல் படுகைகளும் கடற்பசுக்களும், இந்திய இழுவைமடிப் படகுகளால் அழியும் மீன்வளம், கடலட்டைப் பண்ணைகள், 2010இல் ரம்சார் பட்டியலில் சேர்ந்த வங்காலைச் சரணாலயம், 2020இல் இயங்கத் தொடங்கிய தம்பபவனி காற்றாலைகளும் அவற்றைச் சுற்றி எழுந்த எதிர்ப்பும், கனிம மணல் அகழ்வு ஆகிய ஒவ்வொன்றும் கடலியல், சூழலியல், சக்திக் கொள்கை, சட்டம் ஆகிய துறைகளில் ஒரு முதுமாணி ஆய்வுக்குப் போதுமானது.

தொல்லியலை எடுத்துக்கொண்டால், மாந்தையில் 1980 முதல் 1984 வரை நடந்த அகழாய்வு போரால் இடைநின்றது. அதன் முழு அறிக்கை நூலாக வெளிவந்தது 2013இல்தான்.

மற்றொன்று இன்னும் கனமானது. 2018இல் மன்னார் சதொச வளாகத்தில் தோண்டப்பட்ட புதைகுழியிலிருந்து 300க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. அவற்றின் காலத்தை அறிய மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. அவை ஏறத்தாழ 15 முதல் 17ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியவை என 2019இல் அறிக்கை வந்தபோது, உறவுகளைத் தேடும் குடும்பங்கள் பல அதை ஏற்கவில்லை. அந்த அறிக்கையை வரிவரியாகப் படித்து, எது உறுதி, எது ஐயம் என்று அந்தத் தாய்மாருக்குத் தமிழில் விளக்கக்கூடிய தடயவியல் தொல்லியலாளர்கள் எம்மிடையே எத்தனை பேர்? சட்ட மருத்துவம், தடயவியல் மானிடவியல், நிலைமாறுகால நீதி போன்ற துறைகளில் எமது பிள்ளைகள் படிப்பது இந்த மண்ணின் தேவையும் ஆகும்.

உங்கள் பட்டம் எங்கே செல்லும்?

யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்குப் பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் வெளிநாடுகளில் ஏற்கப்படுபவை. ஆனால் மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்துக்கும் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்கும் இடையே வேறுபாடு உண்டு. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் மூன்று ஆண்டுப் பட்டத்துடன் முதுமாணிக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் நான்கு ஆண்டுப் பட்டத்தை எதிர்பார்க்கின்றன. மூன்று ஆண்டுப் பட்டதாரிகள் உள்நாட்டில் ஒரு முதுமாணியை முடித்த பின் அங்கு விண்ணப்பிப்பது நல்ல வழி.

நான்கு ஆண்டுப் பட்டமும் நல்ல வகுப்புச் சித்தியும் உள்ளவர்கள், முதுமாணி இல்லாமலே அமெரிக்காவில் கலாநிதிக் கற்கைக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியும் என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. அங்கே விஞ்ஞான, பொறியியல், சமூக விஞ்ஞானத் துறைகளில் கலாநிதி மாணவரின் கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்று, கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணிக்கு மாதக் கொடுப்பனவும் வழங்குவது வழக்கம். விண்ணப்ப முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் வரும். விண்ணப்பக் கட்டணத்தைச் செலுத்த வசதி இல்லையென்றால், கட்டண விலக்குத் தருமாறு திணைக்களத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை.

ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ அறவிடுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அண்மையில் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. ஆயினும் வாழ்க்கைச் செலவுக்காக ஓராண்டுக்குரிய பணத்தை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக நிர்ணயிக்கப்பட்டது. "ஜேர்மனியில் படிப்பு இலவசம்" என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

புலமைப்பரிசில்கள்

பிரித்தானிய அரசின் செவனிங் ஓராண்டு முதுமாணிக்கு முழுச் செலவையும் ஏற்கிறது. வயதெல்லை இல்லை. 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும். தன்னார்வப் பணியும் பகுதிநேர வேலையும் கணக்கில் சேரும். மீள்குடியேற்றக் கிராமத்தில் தன்னார்வ ஆசிரியராகவோ, மீனவர் சங்கத்தில் பணியாளராகவோ இருந்த காலத்தை விட்டுவிடாதீர்கள். விண்ணப்பம் வழமையாக ஓகஸ்டில் திறக்கும். படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் நாட்டில் இருக்க வேண்டும். பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் பிரித்தானியாவுக்கானதே. தம் செலவில் அங்கு படிக்க இயலாதவர்களுக்காகவே அது வழங்கப்படுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணி, குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கும் கற்கை. புலமைப்பரிசில் பெறுபவருக்குக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ கொடுப்பனவு உண்டு. வயதெல்லை இல்லை. இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான கற்கைகளுக்கு ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பம் ஏற்கப்படும்.

ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் அபிவிருத்திசார் கற்கைகளுக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் தேவை. கடைசிப் பட்டம் பொதுவாக ஆறு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. யப்பான் அரசின் ஆய்வு மாணவர் புலமைப்பரிசிலுக்குத் தூதரகம் ஊடாக விண்ணப்பிக்கலாம். வயது 35க்கு உட்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் புல்பிரைட் முதுமாணிப் புலமைப்பரிசிலைக் கொழும்பிலுள்ள ஆணைக்குழு நடத்துகிறது. படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் வாழ வேண்டும் என்ற வீசா நிபந்தனை அதற்கு உண்டு.

மிக அருகில் இருப்பது இந்தியா. இந்திய அரசின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இலங்கையருக்கு முதுமாணிக் கற்கைகளுக்காக வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களில் கடலியல், தமிழியல், தொல்லியல் படிக்க நினைப்பவர்களுக்கு இது பொருத்தமானது.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. 2009 ஓகஸ்டில் முகாம்களுக்குள் இருந்து உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள் இன்று முப்பதுகளின் நடுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் கதவு மூடியது, எது திறந்திருக்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். செவனிங்கும் எராஸ்மஸ் முண்டுஸும் அவர்களுக்குத் திறந்தே இருக்கின்றன.

கடனும் முகவரும்

பிரித்தானியாவில் ஓராண்டு முதுமாணிக்குப் பல பல்கலைக்கழகங்களில் கட்டணம் 15,000 பவுணுக்கு மேல். அதோடு வாழ்க்கைச் செலவுக்கான பணம் தொடர்ச்சியாக 28 நாட்கள் வங்கியில் இருந்திருக்க வேண்டும். சுகாதார மேலதிகக் கட்டணம் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண். "அங்கே போய் வேலை செய்து அடைக்கலாம்" என்ற கணக்கு இங்கேதான் பிழைக்கிறது. பிரித்தானியாவில் பல்கலைக்கழக மாணவர் கற்கைப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலமே வேலை செய்யலாம். கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24 மணித்தியாலம். ஜேர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள். இந்த நேரத்தில் உழைப்பது சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் போகும். கட்டணக் கடனும் வட்டியும் ஊரில் நிற்கும்.

குடும்பத்தையும் கூட்டிப் போகலாம் என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. 2024 ஜனவரி முதல் பிரித்தானியாவில் பாடநெறி முதுமாணி மாணவர்கள் துணையையோ பிள்ளைகளையோ அழைத்துச் செல்ல முடியாது. அரச புலமைப்பரிசில் பெற்றவர்களுக்கும் ஆய்வுப் பட்ட மாணவர்களுக்கும் மட்டுமே விலக்கு.

முகவர்கள் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் அல்லர். ஆனால் பெரும்பாலானோர் பல்கலைக்கழகங்களிடமிருந்து தரகுப் பணம் பெறுபவர்கள். ஆகவே புலமைப்பரிசில் வழியையோ, கட்டணமில்லாக் கற்கையையோ அவர்கள் முன்வைப்பது அரிது. உங்கள் விண்ணப்பத்தின் கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் உங்களிடமே இருக்கட்டும். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேரடியாகச் செலுத்துங்கள். "வங்கிக்கூற்று நாங்கள் ஒழுங்கு செய்கிறோம்" என்று சொல்பவரை விட்டு விலகுங்கள். போலி ஆவணம் பிடிபட்டால் பிரித்தானியா 10 ஆண்டுகளும் கனடா 5 ஆண்டுகளும் தடை விதிக்கலாம். தடை முகவருக்கல்ல, உங்களுக்கு.

ஆவணங்கள்: முதலில் தொடங்க வேண்டிய வேலை

2007க்கும் 2009க்கும் இடையில் அடம்பன், விடத்தல்தீவு, மடுப் பகுதிகளிலிருந்து வன்னிக்குள் இடம்பெயர்ந்து, மெனிக் பாம் முகாம் வரை போய்த் திரும்பிய குடும்பங்கள் பலவற்றில் சான்றிதழ்கள் முழுமையாக இல்லை. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் பலரின் பதிவுகள் புத்தளத்தில் இருக்கின்றன, காணி முசலியிலோ எருக்கலம்பிட்டியிலோ இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து திரும்பியவர்களுக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழுடன் இலங்கைக் குடியுரிமைப் பதிவும் தேவை. அது இல்லாமல் கடவுச்சீட்டு எடுக்க முடியாது.

பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பெறலாம். மூலப் பதிவே அழிந்திருந்தால் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் செல்லலாம். சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களம் மீண்டும் வழங்கும். பட்டச் சான்றிதழையும் பெறுபேற்று விபரத்தாளையும் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் பல பிரதிகளாக, முத்திரையிட்ட உறைகளில் கேட்டு வாங்குங்கள். தமிழில் உள்ள ஆவணங்களுக்குச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

பெயர் எழுத்துக்கூட்டலில் வரும் வேறுபாடு சிறியதாகத் தோன்றும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், பட்டத்தில் முதலெழுத்துகளுடனும் இருந்தால் வீசா வேளையில் அது பெரிய தடையாகும். எந்த எழுத்துக்கூட்டலைக் கடவுச்சீட்டில் வைக்கப் போகிறீர்களோ அதையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். மாற்ற முடியாதவற்றுக்கு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக்கடதாசியை எடுத்து வையுங்கள்.

தந்தை காணாமல் ஆக்கப்பட்டிருந்தால்

படிவங்களில் தந்தையின் பெயர், உயிருடன் உள்ளாரா, தொழில் என்ன என்ற கட்டங்கள் வரும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனோருக்கு இறப்புச் சான்றிதழ் வழங்க வழிசெய்தது. 2016இல் செய்யப்பட்ட திருத்தம், இறப்பை ஏற்காத குடும்பங்கள் காணாமற்போனமைச் சான்றிதழ் பெறவும் வழிசெய்தது. இறப்புச் சான்றிதழை வாங்க மறுத்து ஆண்டுக்கணக்காகப் போராடும் தாய்மார் எம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளையின் படிப்புக்காக அவர்களை அந்த முடிவுக்குத் தள்ள வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. வயதுவந்த பட்டதாரியின் பல்கலைக்கழக விண்ணப்பம் பொதுவாகப் பெற்றோரின் இறப்புச் சான்றிதழைக் கேட்பதில்லை. நிதி ஆவணங்களும் செலவை ஏற்பவரிடமிருந்து மட்டுமே கேட்கப்படும். கட்டத்தில் "காணாமல் ஆக்கப்பட்டார்" என்று ஆண்டுடன் எழுதலாம். அதுவே உண்மை.

போர் பற்றிய கேள்விகள்

விடுதலைப் புலிகள் அமைப்பு இந்தியாவில் 1992இலும், அமெரிக்காவில் 1997இலும், பிரித்தானியாவில் 2001இலும், கனடாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2006இலும் தடைசெய்யப்பட்டது. ஆயுதப் பயிற்சி பெற்றீர்களா, தடைசெய்யப்பட்ட அமைப்பில் இருந்தீர்களா அல்லது உதவினீர்களா என்ற கேள்விகள் இந்நாடுகளின் வீசாப் படிவங்களில் வரும். கட்டாய ஆட்சேர்ப்பில் பிடிக்கப்பட்டவர்களும் புனர்வாழ்வு பெற்றவர்களும் இங்கே திகைத்து நிற்கிறார்கள்.

அவர்கள் செய்ய வேண்டியது, படிவத்தை அனுப்பும் முன் அந்நாட்டின் குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் பேசுவது. சிறுவயதில் அல்லது வற்புறுத்தலின்பேரில் சேர்க்கப்பட்டவரின் நிலையைச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுவேறாகப் பார்க்கிறது. சில இடங்களில் விலக்களிப்பும் உண்டு. மறைத்து எழுதுவது மட்டும் எங்கும் உதவாது. அது பின்னாளில் தெரியவந்தால் பட்டம் பெற்று வேலையில் இருக்கும்போதுகூட எல்லாவற்றையும் இழக்க நேரலாம். புனர்வாழ்வுச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். நீதிமன்ற வழக்கு நிலுவையில் இருந்தால் முதலில் பயணத் தடை உள்ளதா என்று பாருங்கள்.

இடைவெளியை எப்படி எழுதுவது?

நோக்கக் கூற்றில் போரை முற்றாக மறைப்பவர்களும் உண்டு, முழுப் பக்கமும் துயரத்தையே எழுதுபவர்களும் உண்டு. தெரிவுக் குழு அறிய விரும்புவது இரண்டு விடயங்கள்: ஏன் தாமதம், அதன் பின் என்ன செய்தீர்கள். "2008இல் அடம்பனிலிருந்து இடம்பெயர்ந்ததால் எனது பாடசாலைக் கல்வி இரண்டு ஆண்டுகள் தடைப்பட்டது. 2011இல் உயர்தரத்தில் சித்தியடைந்தேன்" என்ற அளவில் இரண்டு வாக்கியங்கள் போதும். மிகுதி இடம் உங்கள் ஆய்வுக் கேள்விக்குரியது. இழுவைமடி நின்றால் கடற்புல் எத்தனை ஆண்டில் மீளும், காற்றாலை அமைப்பதற்கு முன் கிராம மக்களிடம் எப்படிக் கேட்கப்பட்டது என்பன போன்று குறிப்பாக எழுதுங்கள். நீங்கள் பட்ட துன்பத்தை எவருக்கும் நிரூபிக்க வேண்டிய கடமை உங்களுக்கில்லை.

ஆங்கிலமும் பரிந்துரையும்

தமிழ்மொழி மூலம் படித்த கலைத்துறை மாணவருக்குப் பெரிய மலை ஆங்கிலமே. பெரும்பாலான முதுமாணிக் கற்கைகள் ஐஈஎல்ரிஎஸ் பரீட்சையில் 6.5 புள்ளியைக் கேட்கின்றன. புள்ளி இரண்டு ஆண்டுகளே செல்லுபடியாகும். ஆகவே மிக முந்தியும் எழுதக்கூடாது, மிகப் பிந்தியும் எழுதக்கூடாது. பேசுவதைவிட எழுதுவதில்தான் பலர் புள்ளி இழக்கிறார்கள். ஓராண்டு முழுவதும் வாரத்துக்கு இரண்டு கட்டுரை எழுதி யாரிடமாவது திருத்திக்கொள்வது, கடைசி மாதத்தில் வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிடப் பயன் தரும்.

பரிந்துரைக் கடிதம் இரண்டோ மூன்றோ தேவைப்படும். விரிவுரையாளரிடம் ஆறு வாரத்துக்கு முன் கேளுங்கள். உங்கள் ஆய்வேடு, பெறுபேறு, நோக்கக் கூற்றின் வரைவு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். உங்களை நன்கறிந்த இளம் விரிவுரையாளரின் விரிவான கடிதம், உங்களை அறியாத பேராசிரியரின் நான்கு வரிக் கடிதத்தைவிட வலுவானது.

கால ஒழுங்கு

செப்டெம்பரில் தொடங்கும் கற்கைக்கு:

முந்திய ஆண்டு மார்ச்: ஆவணங்களைச் சேகரிக்கத் தொடங்குதல், ஆங்கிலப் பயிற்சி, துறையைத் தீர்மானித்தல்.

ஜூன்: கடவுச்சீட்டு, மொழிபெயர்ப்புகள், பத்துக் கற்கைகளின் பட்டியல்.

ஓகஸ்ட் முதல் ஒக்ரோபர்: ஆங்கிலப் பரீட்சை, செவனிங் விண்ணப்பம், விரிவுரையாளர்களிடம் பரிந்துரை கேட்டல்.

நவம்பர் முதல் ஜனவரி: எராஸ்மஸ் முண்டுஸ், அமெரிக்கக் கலாநிதிக் கற்கைகள், பிரித்தானியப் பல்கலைக்கழக விண்ணப்பங்கள்.

பெப்ரவரி முதல் மே: நேர்முகங்கள், முடிவுகள், யப்பானிய, இந்திய அறிவித்தல்களைக் கவனித்தல்.

ஜூன் முதல் ஓகஸ்ட்: வீசா. பிரித்தானியாவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் செல்பவர் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் பெற வேண்டும்.

முதல் ஆண்டில் கிடைக்காவிட்டால் அது தோல்வியல்ல. புலமைப்பரிசில் பெற்றவர்களில் இரண்டாம், மூன்றாம் முறை விண்ணப்பித்தவர்கள் பலர். ஆவணக் கோப்பு, ஆங்கிலம், ஆய்வுக் கேள்வி மூன்றும் அடுத்த ஆண்டுக்கு அப்படியே கைகொடுக்கும். அந்த ஓராண்டுக் காத்திருப்பில் காணி உறுதி வீட்டிலேயே இருக்கும்.